சப்போர்ட் பண்ணாது சார்!

எந்த அலுவலகத்துக்கும் ஒரு சிஸ்டம் சார் உண்டு. அவரை யாரும் உத்தரவு போட்டு நியமிப்பதில்லை. பதவிப்படி அவர் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளர். பள்ளிக்கூடமானால் உடற்கல்வி ஆசிரியர். அடுக்குமாடிக் குடியிருப்பானால் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி. 1990-களின் கடைசியில், செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் போகும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிப்ளமோ வாங்கியவர். அந்த அறையின் பரிசுத்தம் இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு உலகம் கண்டுபிடித்த எல்லாமே அவருக்குத் தெரியும். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார்.

யாருடைய கம்ப்யூட்டராவது மக்கர் செய்தால் போதும், மேசைக்குப் பின்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். திரையை ஒரு பார்வை பார்ப்பார்.

"என்ன விண்டோஸ் இது?"

பதில் எதுவானாலும் உதட்டைப் பிதுக்குவார். ஏழு என்றால், "இன்னுமா ஏழு?" பத்து என்றால், "ஏழுதான் சார் ஸ்டேபிள்." பதினொன்று என்றால் பதிலே வராது. துக்கம் விசாரிக்க வந்தவர் முகத்தோடு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அவருடைய பொற்காலம் எக்ஸ்பி. "எக்ஸ்பி மாதிரி வராது சார்" என்று சொல்லும்போது குரல் லேசாகத் தழுதழுக்கும். 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திவிட்டது. அதற்கு மறுநாளும் சார் எக்ஸ்பியில்தான் உட்கார்ந்திருந்தார். அந்த எக்ஸ்பி புதிதாக வந்தபோது, "தொண்ணூற்றெட்டு மாதிரி வராது" என்று சொன்னவரும் இவரேதான். 2007-இல் வந்த விஸ்டாவைத் திட்டும் விஷயத்தில் மட்டும் அவரும் உலகமும் ஒரே கட்சி.

விண்டோஸ் எட்டுக்குப் பிறகு ஒன்பது வராமல் பத்து ஏன் வந்தது என்பதற்கு அவரிடம் ஒரு கதை இருக்கிறது. பழைய புரோகிராம்கள் பெயரில் ஒன்பதைப் பார்த்தால் 95 என்றோ 98 என்றோ ஏமாந்துவிடுமாம். அந்தப் பயத்தில்தான் அந்த எண்ணைத் தாண்டிவிட்டார்களாம். இணையத்தில் உலவிய ஊகம் அது. சார் சொல்லிக் கேட்டால், அந்த முடிவை எடுத்த கூட்டத்துக்கு டீ கொண்டுபோனவரே இவர்தானோ என்று தோன்றும். 2015-இல் பத்து வெளியாகவிருந்தபோது, இதுதான் கடைசி விண்டோஸ் என்று மைக்ரோசாஃப்ட்காரர் ஒருவரே மேடையில் சொன்னார். சாரும் அதை நம்பி ஊரெல்லாம் சொல்லிவிட்டார். 2021-இல் பதினொன்று வந்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத மெஷினில் ஏற மாட்டேன் என்றும் சொன்னது. அன்றிலிருந்து மைக்ரோசாஃப்ட் மீது அவருக்கு இருப்பது சொந்தப் பகை.

சரி, லினக்ஸ்? "அதெல்லாம் நம்ம ஊருக்கு ஒத்து வராது சார்." தமிழக அரசு 2011-இல் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய சிஸ்டம் அது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் மடிக்கணினியையெல்லாம் வாங்கி, அதைத் துடைத்து எறிந்து, அந்த இடத்தில் சினிமாப் படங்கள் நிரப்பிக் கொடுத்த தொண்டு நம் சாருடையது. லினக்ஸ் ஒத்து வராது என்று அவர் பேசிக்கொண்டிருக்கும்போது கையில் இருப்பது ஆண்ட்ராய்டு ஃபோன். அதன் அடியில் ஓடுவது லினக்ஸ் கெர்னல். 1991-இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதைத் தொடங்கியபோது, இது பொழுதுபோக்குத்தான், பெரிதாக வராது என்றுதான் எழுதினார். அவர் கருத்தை மாற்றிக்கொண்டார். சார் இன்னும் மாற்றவில்லை.

சாரின் மூல மந்திரம், "சப்போர்ட் பண்ணாது." பிரிண்டர் ஓடவில்லையா? சப்போர்ட் பண்ணாது. ஸ்கேனர்? சப்போர்ட் பண்ணாது. பெருக்க வந்த அம்மா மேசையை நகர்த்தியதில் கேபிள் கழன்றிருக்கும். புதிதாகச் சேர்ந்த பையன் குனிந்து அதைச் செருகிவிட்டு, "இப்ப வருது சார்" என்பான். "நான் அப்பவே சொல்லல? கனெக்‌ஷன் சப்போர்ட் இல்லன்னு" என்று சார் நகர்ந்துவிடுவார்.

மந்திரம் பலிக்கும் சந்தர்ப்பமும் உண்டு. மூலையில் ஒரு கிழட்டு மெஷின் இருக்கும். டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோவில் எவரோ எழுதிக் கொடுத்த சம்பளப் பட்டியல் அதில் மட்டும்தான் ஓடும். எழுதியவர் எங்கே போனார் என்று தெரியாது. ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு அந்த மெஷினுக்குத்தான். 16-பிட் புரோகிராமை 64-பிட் விண்டோஸ் தொடாது என்பதுதான் விஷயம். புது மெஷினில் அது ஏறவில்லை என்றதும் சார், "சப்போர்ட் பண்ணாது" என்றார். சரியான தீர்ப்பு. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "ரேம் ஏத்தினா ஓடும்" என்று ஒரு பின்குறிப்பும் சேர்த்தார். சென்னை ரிச்சி தெருவுக்கு ஆள் போய் ரேம் வாங்கி வந்தது. பட்டியல் ஓடவில்லை, ரேமுக்கான பில் மட்டும் தணிக்கை வரை ஓடியது.

தமிழ் எழுத்துரு என்று வந்துவிட்டால் அவர் ராஜாங்கம்தான். பாமினி எழுத்துருவில் அடித்த கல்யாணப் பத்திரிகை, பாமினி இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால், ‘தமிழ்’ என்பது ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தாகவும் வாலில் ஓர் அரைப்புள்ளியாகவும் தெரியும். பெண் வீட்டார் பதறுவார்கள். சார் அமைதியாக, "வைரஸ் ஏறிடுச்சு. ஃபார்மட் அடிச்சிரலாம்" என்பார். உண்மையில் வைரஸும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆளுக்கொரு எழுத்துரு, எழுத்துருவுக்கொரு குறியேற்றம் என்று நாம் நெடுங்காலம் குடித்தனம் நடத்தினோம். 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டி விசைப்பலகைக்கும் எழுத்துக்கும் தரம் வகுத்தார்கள். 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. அந்த ஆணையே எந்த எழுத்துருவில் வந்திருந்தாலும் சார் திறந்து பார்த்திருக்க மாட்டார். இன்றும் அச்சகத்துக்குப் பென் டிரைவில் கோப்போடு எழுத்துருவையும் போட்டுக் கொடுப்பதை அவர் தொழில்ரகசியமாகவே வைத்திருக்கிறார்.

அப்டேட் என்ற சொல்லைக் கேட்டாலே அவருக்கு ஆகாது. "போடாதீங்க சார். போட்டா ஸ்லோ ஆக்கிருவான். புது மாடல் விக்கணும்ல?" இதைச் சும்மா சிரித்துத் தள்ள முடியாது. பேட்டரி தேய்ந்த பழைய ஐஃபோன்களின் வேகத்தைக் குறைத்தது உண்மைதான் என்று 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டது. பேட்டரி களைத்து ஃபோன் திடீரென அணைந்துவிடாமல் இருக்கத்தான் அப்படிச் செய்தோம் என்றது. சார் முதல் பாதியை மட்டும் வாசித்தார். பிறகு 2024 ஜூலை 19 வந்தது. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையோடு நின்றன. நம் ஊர் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று சாருக்குத் தீபாவளி. ஒவ்வொரு மேசையாகப் போய், "நம்ம ஆபீஸ்ல ஒண்ணாச்சும் நின்னுச்சா?" என்று கேட்டார். அந்த நிறுவனத்தின் மென்பொருளே இங்கே கிடையாது என்பதை எடுத்துச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. 2017 மே மாதம் வான்னகிரை வந்து உலகத்துக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அதற்கான தடுப்பு விண்டோஸின் மார்ச் மாத அப்டேட்டிலேயே இருந்ததே என்று யாராவது ஆரம்பித்தால் மட்டும், "டீ சொல்லுங்கப்பா" என்பார்.

சட்டத்தில் அவர் வக்கீலுக்கும் ஒரு படி மேல். வக்கீல் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொல்வார். இவர் வாட்ஸ்ஆப்பைப் புரட்டிவிட்டுச் சொல்வார். "பார்த்து ஃபார்வர்டு பண்ணுங்க, அறுபத்தாறு ஏ-ல தூக்கிருவான்." தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-ஆம் தேதியே செல்லாது என்று அடித்துவிட்டது. இதில் அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. செத்துப்போன அந்தப் பிரிவில் அதன் பிறகும் போலீஸ் வழக்குப் பதிந்துகொண்டுதான் இருந்தது. இனி எவர் மீதும் அதன்கீழ் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் நீதிமன்றம் மறுபடி சொல்ல வேண்டி வந்தது. ஸ்டேஷனுக்கு ஒரு சிஸ்டம் சார் அங்கேயும் இருந்திருக்கிறார் போலும்.

"நாளை முதல் ஃபேஸ்புக் உங்கள் படங்களை எடுத்துக்கொள்ளும், தடுக்க இதைக் காப்பி செய்து பதியவும்" என்ற அறிவிப்பை மூச்சுவிடாமல் பரப்பியவரும் அவரே. ரோம் சாசனத்தின்படி தண்டனை என்று அதில் மிரட்டல் வேறு. ரோம் சாசனம், இனப்படுகொலையும் போர்க்குற்றமும் விசாரிக்கும் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்காக 1998-இல் உருவானது. இந்தியா அதில் கையெழுத்தே போடவில்லை. கொடைக்கானல் டூர் போட்டோக்களைக் காப்பாற்ற அதைத் துணைக்குக் கூப்பிட்டார் நம் சார்.

மென்பொருள் உரிமம் பற்றி அவர் தீர்ப்பு மிகச் சுருக்கமானது. "கம்பெனிக்குப் போட்டாத்தான் கேஸு. வீட்டுக்குக் கிராக் போட்டா தப்பில்ல." பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு வேறு மாதிரி சொல்கிறது. திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்கோ தொழிலுக்கோ இல்லையென்றால், நீதிமன்றம் காரணம் எழுதிவிட்டுச் சிறையைத் தவிர்த்து, 50,000 வரை அபராதத்தோடு விடலாம். வீட்டுக்குச் சலுகை உண்டு, விடுதலை இல்லை. இன்னொரு பக்கம், காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியவர் பாதுகாப்புக்கு ஒரு நகல் எடுத்து வைத்தால், "அதுதான் சார் குற்றம்!" என்று கண்ணை உருட்டுவார். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைத் தாராளமாக அனுமதிக்கிறது. ஒரு மென்பொருள் இன்னொன்றோடு ஒத்துப்போகத் தேவையான தகவல் வேறெங்கும் எளிதில் கிடைக்காவிட்டால், அதை ஆராய்ந்து எடுக்கவும் உரிமைப்படி வைத்திருப்பவருக்கு அந்தப் பிரிவு இடம் தருகிறது. சப்போர்ட் பண்ணாத வியாதிக்குச் சட்டமே மருந்து எழுதி வைத்திருக்கிறது. சார் அந்தப் பக்கமே போனதில்லை.

2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சந்தையில் இருக்கும் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது என்பது குற்றச்சாட்டு. சார் செய்தியைப் படித்துவிட்டு, "பார்த்தீங்களா? அதான் என் ஃபோன்ல சார்ஜே நிக்க மாட்டேங்குது" என்றார்.

இவ்வளவு சட்டம் பேசுகிறவர், புது மென்பொருள் போடும்போது கவனியுங்கள். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, ஃபினிஷ். என்ன ஒப்பந்தம், யாரோடு, எதற்கு, ஒன்றும் பார்க்க மாட்டார். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கும் நாமும் பார்ப்பதில்லை. சிஸ்டம் சார் இவ்வளவு காலம் பதவியில் இருப்பதற்குக் காரணம் அவருடைய அறிவல்ல, நம் சோம்பல். படிக்க வேண்டியதைப் படிக்க நேரமில்லாத ஊருக்கு, படிக்காமலே சொல்ல ஒருவர் தேவைப்படுகிறார். நிச்சயமான குரலில் சொல்லிவிட்டால் போதும், நாமும் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

ஆகவே வாசகர்களே, சாரோடு சண்டை போடாதீர்கள்; அவர் இல்லாவிட்டால் அந்தக் கேபிளைக்கூட யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். தமிழை யூனிகோடில் அடியுங்கள். வெளியே அனுப்புவதைப் பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள். அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள். சட்டச் சந்தேகத்தைச் சட்டம் படித்தவரிடம் கேளுங்கள். சார் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, "ஃபார்மட் அடிச்சிரலாமா?" என்று கேட்டால், கோப்புகளுக்கு வேறோர் இடத்தில் நகல் எடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டு, அப்புறம் சரி என்று சொல்லுங்கள்.