மோட்டார்ப் பந்தயப் பிரியர் குடியிருக்கத்தக்க ஊர் யாது? வரதராஜன்பேட்டையை முன்வைத்து ஓர் ஆய்வு

இயல் 1: சொல்

மோட்டார்ப் பந்தயங்களின் பல வகைகளையும் எளிதிற் சென்று காண விரும்பும் ஒருவர் எந்த ஊரில் குடியிருத்தல் வேண்டும் என்னும் வினா எளியதாகத் தோன்றினாலும், "மோட்டார்" யாது, "பந்தயம்" யாது என்று வரையறுக்காமல் "ஊர்" யாது என்று தேடப் புகுவது, மாப்பிள்ளை யாரென்று முடிவாகுமுன் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதை ஒக்கும் என்பதால், முதற்கண் சொல்லாய்வு மேற்கொள்ளப்படுகிறது. அரியலூர் மாவட்டத்தில் ஆண்டிமடத்தை அடுத்துள்ள பேரூராட்சியாகிய வரதராஜன்பேட்டையிலும் அதன் சுற்றுப்புறத்திலும், "மோட்டார்" என்னும் சொல் அடைமொழியின்றி நிற்குமிடத்து, ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரிறைக்கும் பொறியையே குறிக்கும். "மோட்டார் ஓடுகிறது" என்று ஒருவர் கூறினால், அது இருந்த இடத்தை விட்டு ஓரங்குலமும் நகராமல் ஓடுகிறது என்பதே பொருள். ஆகவே "மோட்டார்ப் பந்தயம்" என்பதை மோட்டாரால் நிகழும் பந்தயம் என்று மூன்றாம் வேற்றுமைத் தொகையாக விரிப்பதா, மோட்டாருக்கு நிகழும் பந்தயம் என்று நான்காம் வேற்றுமைத் தொகையாக விரிப்பதா என்னும் ஐயம் எழுகிறது. பின்னதற்கும் வழக்குச் சான்று உண்டு: உழவுக்குரிய மும்முனை மின்சாரம் வந்துவிட்டதென்று அறிந்த மாத்திரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார்க் கொட்டகையை நோக்கி ஓடுவோர் இருவருக்கும் ஒரே கிணற்றில் பங்கு இருக்குமாயின், அவ்வோட்டம் பந்தயத்தின் எல்லா இலக்கணமும் பொருந்தியதாகும். எனினும் இடமின்மையால் அது இங்கு விடப்படுகிறது. "இது தனி நூலாக விரைவில் வெளிவரும்" என்று அறிவித்துவிட்டு மறந்துவிடும் ஆய்வு மரபும் இவ்விடத்துப் பேணப்படுகிறது.

"பந்தயம்" என்னும் சொல்லுக்குப் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்து மாட்டுவண்டி எல்கைப் பந்தயமே சிறந்த எடுத்துக்காட்டாகும். "எல்கை" என்பது "எல்லை" என்பதன் பேச்சுவடிவம். அங்கு வண்டிக்கு ஒரு சாரதியும் ஒரு துணைச்சாரதியும் உண்டு. பொதுச்சாலையை அடைத்து, ஒவ்வொரு காராக இடைவெளி விட்டு அனுப்பி, நேரத்தைக் கணக்கிடும் ராலி என்னும் பந்தயத்திலும் ஓட்டுநரும், வளைவுகளை முன்கூட்டியே எழுதி வைத்துப் படித்துக்கொண்டே வரும் துணை ஓட்டுநரும் உண்டு. மாட்டுவண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகளுக்குக் காதுக்கினிய பெயர்கள் இருக்க, ஐரோப்பியர் பார்முலா 1, 2, 3, 4 என்று எண்ணிட்டு நிறுத்திக்கொண்டது அவர்தம் சொற்பஞ்சத்தையே காட்டுகிறது. இதனை அடியாகக் கொண்டு, பார்முலா பந்தயமே தமிழரிடமிருந்து மேற்கே சென்றதென்று நிறுவும் கட்டுரை இதுகாறும் எழுதப்படாதிருப்பதற்குச் சான்றின்மை காரணமன்று. அதனை எழுதத்தக்கோர் இப்பொழுது வேறொரு மாநாட்டில் இருப்பதே காரணம்.

இயல் 2: ஊர்கள்

தமிழ்நாட்டில் இவ்வினாவை எவரிடம் கேட்டாலும் கோயம்புத்தூர் என்றே விடை வரும். மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டு பார்முலா மாருதி என்னும் சிறிய ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்து, பணம் படைத்தோர்க்கே உரியதாயிருந்த இவ்விளையாட்டை மற்றோரும் எட்டிப் பிடிக்கும் உயரத்துக்குக் கொணர்ந்த கரிவர்தன் அவ்வூரினர். 1995இல் அவர் மறைந்த பின்னர் செட்டிபாளையத்தில் அமைந்த தடம் அவர் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே என வழங்குகிறது. 2005இல் பார்முலா 1 பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியராகிய நாராயண் கார்த்திகேயனும் கோவையினரே. அவ்வாண்டு ஜூன் 19 அன்று இண்டியானாபோலிஸில் அவர் நான்காமிடம் பெற்றார். ஆனால் ஒரு நிறுவனத்தின் டயர்கள் சாய்தள வளைவைத் தாங்கா என்று கண்டு, 20 கார்களில் 14 பந்தயம் தொடங்குமுன்னரே ஒதுங்கிக்கொள்ள, ஓடியவை ஆறுதான். இந்நான்கு இருபதில் நான்கா, ஆறில் நான்கா என்பது தருக்க நூலாரிடம் விடத்தக்கது. கிடைத்த ஐந்து புள்ளிகள் எவ்விதத்திலும் குறையவில்லை. வட்டத் தடம், சிறு கார்ட் வண்டிகளின் பந்தயம், ராலி, பக்கத்துப் பொள்ளாச்சியில் ரேக்ளா என அனைத்தும் கோவையில் கைக்கெட்டும் தொலைவில் கிடைக்கின்றன.

இக்காரணம் பற்றியே கோவை இவ்வாய்வில் தள்ளப்படுகிறது. "அணுகல்" என்னும் சொல் தொலைவை உள்ளடக்கியது. அருகிலுள்ளதை ஒருவர் அணுக இயலாது, அங்கே இருக்கத்தான் இயலும். பந்தயங்களை அணுகுவதற்குரிய ஊரைத் தேடும் ஆய்வாளர், பந்தயம் நிகழும் ஊர்களை எல்லாம் முதலில் கழித்துவிட வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் (ஊர் டீக்கடையின் கிழக்குப் பெஞ்சு உரை, முதல் டீ).

சென்னையும் அவ்வாறே கழிகிறது. எனினும் வகைப்பாட்டியல் நோக்கில் அது சுவையானது. 1953இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமாகிய சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்தியது. 1990 அளவில் இருங்காட்டுக்கோட்டையில் ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தனித் தடத்துக்குப் பெயர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன இரவுநேரத் தெருப்பந்தயம், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 நாட்களில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர்த் தடத்தில் நிகழ்ந்தது. எனவே சென்னையில் விமானம் ஓடவேண்டிய இடத்தில் கார் ஓடியுள்ளது, கார் ஓடவேண்டிய இடத்தில் கார் ஓடியுள்ளது, மாநகர பஸ் ஓடவேண்டிய இடத்திலும் கார் ஓடியுள்ளது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத் தளமே. உலக சாம்பியன் பட்டத்துக்குரிய முதல் பார்முலா 1 பந்தயம் 1950இல் அங்குதான் நடந்தது. சோழவரத்துக்கு வாய்க்காதது இதிலிருந்து விளங்கும். ஏன் வாய்க்கவில்லை என்பது விளங்காது.

கிரேட்டர் நொய்டாவிலுள்ள புத் என்னும் பந்தயத் தடத்தின் நீளம் 5.125 கிலோமீட்டர், 2011 முதல் 2013 வரை அங்கு நடந்த பார்முலா 1 பந்தயத்தை மூன்று முறையும் செபாஸ்டியன் வெட்டலே வென்றார். அம்மூன்றாண்டு வரலாற்றில் இவ்வாய்வுக்குப் பயன்படுவது, 2011இல் முதல் பயிற்சி ஓட்டத்தின்போது தடத்துக்குள் புகுந்து, செங்கொடி காட்டி ஓட்டத்தை நிறுத்தும்படி செய்த தெருநாய் ஒன்றே. நாய்வளத்தில் வரதராஜன்பேட்டை எவ்வூருக்கும் பின்தங்கியதன்று.

வெளிநாட்டு ஊர்களுக்கு விசா வேண்டும்.

இயல் 3: நீர்வழிப் பந்தயம்

ஏரியில் தண்ணீர் இருந்தால் பார்க்கலாம்.

இயல் 4: தளம்

வரதராஜன்பேட்டையில் பந்தயத் தடம் இல்லை. ஒன்று இல்லாதவிடத்து, முன்பு இருந்து பின்னர்க் கடல்கொண்டது என்று எழுதும் அறிஞர் பெருமக்கள் இவ்வூரைப் பொறுத்தமட்டில் பாதி சரியாகவே எழுதியிருப்பர்: அரியலூர் வட்டாரம் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலடியில் இருந்தமைக்கு அங்குக் கிடைக்கும் அம்மோனைட் முதலிய கடலுயிர்ப் புதைபடிவங்கள் சான்று. அக்கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே சிமெண்ட் ஆலைகளை வருவித்தது. ஆலைகள் டிப்பர் லாரிகளை வருவித்தன. டிப்பர் லாரிகள், சாலையில் முந்துதல் என்னும் கலையை இம்மாவட்டத்தில் சிறுவர்க்கும் அறிமுகம் செய்தன. கடல்கோள் முடிந்து மோட்டார் வாகனம் தோன்றுவதற்கு இடையே சற்றுக் கால இடைவெளி இருப்பது ஒன்றே இக்கொள்கையின் குறை.

ஆகவே தடத்தை விட்டுத் தளத்துக்கு வருவோமாக. ராலிப் பந்தய நூலார் தார், சரளை, சேறு, பனி எனத் தளம் நான்கென்பர். ஐந்தாவது ஒன்றுண்டு, அதனை எந்தச் சர்வதேச விதிநூலும் கூறவில்லை. அதாவது, உளுந்து பரப்பிய சாலை. அறுத்து வந்த உளுந்துச் செடியைத் தார்ச்சாலையின் மீது முழங்கால் உயரம் பரப்பிவிட, பஸ், லாரி, டிராக்டர் ஆகியவற்றின் சக்கரங்கள் ஏறியிறங்கிக் காய்களை உடைக்கும். இடையிடையே செடியைப் புரட்டிவிட்டு, மாலையில் சக்கையை ஒதுக்கி, மணியைக் கூட்டி அள்ளி முறத்தால் தூற்றுவர். வாகன ஓட்டிகள் அனைவரையும் அவர்தம் ஒப்புதல் கேளாமலே களத்துமேட்டுக் கூலிகளாக்கும் இவ்வேற்பாட்டில், எரிபொருள் செலவும் அவர்களுடையதே.

இச்செடியின் மேல் ஓட்டுவதா, ஒதுங்கி ஓட்டுவதா என்பதில் உரையாசிரியர் இருசாராராகப் பிரிவர். ஓட்டுக என்பது கிழக்குப் பெஞ்சு மரபு. பரப்பியதன் நோக்கமே அதுவென்பது அவர் கருத்து (கிழக்குப் பெஞ்சு உரை, இரண்டாம் டீ). ஒதுங்குக என்பது மேற்குப் பெஞ்சு மரபு, உடைந்த காயினின்று தெறித்த மணி சக்கரத்தின் கீழ் உருளுமாதலால் இருசக்கர வண்டி வழுக்கும் என்று அவர் முழங்கைத் தழும்பைச் சான்று காட்டுவர் (மேற்குப் பெஞ்சு உரை, மூன்றாம் டீ, "சர்க்கரை கம்மி" என்பது மூலபாடம், "சர்க்கரை தூக்கலாக" என்பது கடைக்காரர் கொண்ட பாடம்). மக்காச்சோள மணிக்கும் இவ்விதி பொருந்துமா என்பது, வடை மடித்துத் தந்த நாளிதழ்த் தாளில் கட்டுரை வடிவில் விளக்கப்பட்டிருந்ததாகத் தெரிகிறது, ஆனால் அவ்வேட்டின் நடுப்பத்தி எண்ணெய் ஊறி மறுபக்கத்து வரன் தேடும் விளம்பரம் தெரியலுற்றமையால், "மணி உருளும் வேகம் நிரந்தர அரசுப் பணி, நல்ல குடும்பம்" என்றே படிக்க இயல்கிறது (வடைச்சுவடி, மெதுவடைப் படி, பருப்புவடைப் படியில் இப்பகுதி கிழிந்துள்ளது, இரண்டையும் ஒப்புநோக்கிய பதிப்பு எறும்பரித்தது).

செடியின் உரிமையாளர் இவ்விவாதத்தில் கலந்துகொள்வதில்லை. அவர் சாலையின் வெறுமையான பகுதியில் கல்லை அடுக்கி வைத்துவிடுவார். பந்தயத் தடங்களில் வேகத்தை மட்டுப்படுத்த அமைக்கும் நெளிவழிக்குச் சிகேன் என்று பெயர். அதனை வரைபடமின்றி ஏழெட்டுக் கற்களால் அமைப்பது இவ்வட்டாரத் திறன். அதனையும் மீறி ஓரமாக நழுவும் மோட்டார் சைக்கிளுக்கு, வேப்பமர நிழலில் அமர்ந்திருக்கும் மூதாட்டி எழுந்து நின்று தென்னந்துடைப்பத்தை ஆட்டி, "மேலேயே ஏத்திக்கிட்டுப் போ தம்பி!" என்பார். பந்தயத்தில் மஞ்சள் கொடி அபாயத்தையும், நீலக்கொடி பின்னால் வருபவருக்கு வழிவிடுதலையும் குறிக்கும்; அதுபோலத் துடைப்பத்தின் பூம்பகுதி மேல்நோக்கினால் அது வாகனத்துக்கும், அடிப்பகுதி மேல்நோக்கினால் அது செடியை மேய வரும் ஆட்டுக்கும் உரியது.

டயர் பற்றியும் ஒரு குறிப்பு வேண்டும். உலர்ந்த தளத்தில் டயரின் முழுப்பரப்பும் தரையைப் பற்றும்பொருட்டுக் கோடுகளே இல்லாத ஸ்லிக் என்னும் டயரைப் பந்தய உலகம் பெரும்பொருள் செலவிட்டு உருவாக்குகிறது. "மொட்டை டயர்" என்னும் பெயரில் இதனை இங்குள்ள வண்டிகள் வெறும் பொறுமையினால் அடைகின்றன. ராலியில் துணை ஓட்டுநர் "ரைட்" என்றால் வலப்புறம் வளைவு. பஸ் நடத்துநர் "ரைட்" என்றால் புறப்பாடு. இருவரும் வண்டி மாறி அமர்ந்தால் விளைவது பற்றி ஆய்வு நடத்த எவரும் முன்வரவில்லை. பந்தயத் தொடக்கத்தில் சிவப்பு விளக்குகள் அணையுமுன் காரை நகர்த்துவது தவறான தொடக்கம். அதற்குத் தண்டனை உண்டு. தமிழில் இக்குற்றத்துக்கு முந்திரிக்கொட்டைத்தனம் என்று பெயர். பழத்துக்கு உள்ளே இருக்கவேண்டிய கொட்டை வெளியே துருத்திக்கொண்டு நிற்பதால் வந்த இவ்வழக்கு, ஆண்டிமடம் சுற்றுவட்டத்து முந்திரித் தோப்புகளில் மரத்துக்கு மரம் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு பந்தயக் குற்றமே பயிராக விளையும் வேறு ஊர் இல்லை என்று துணியலாம்.

இயல் 5: நாளும் மனையும்

தேசியப் பந்தயங்கள் பெரும்பாலும் ஆண்டின் பிற்பாதியில் வருகின்றன. வரதராஜன்பேட்டைச் சாலையிலோ தை, மாசியில் மக்காச்சோளமும், பங்குனியில் உளுந்தும், சித்திரை, வைகாசியில் எள்ளும் காயும். இரு நாட்காட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நோக்கின், பந்தயப் பிரியருக்கு ஓய்வு மாதம் என்பதே இல்லை என்பது புலனாகும். கோவையும் சென்னையும் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால், வெவ்வேறு திசைகளில் உள்ளமையால் ஒன்றைக் கண்டு மற்றொன்றின்பால் மனம் சாயவும் வழியில்லை.

மனையைத் தேருங்கால், சாலை வளையும் இடத்தில், நிழல் விழும் திண்ணையோடு கூடிய வீட்டைக் கொள்க. பருவத்தில் அத்திண்ணையில் அமர்ந்து காண்போரை, எதிரே செடி பரப்பியவர் நீண்ட நேரம் சும்மா அமர விடார். "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, ஆடு வந்தா கொஞ்சம் விரட்டுங்க" என்று துடைப்பத்தைக் கையிற் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். ஊதியமின்றி, வெயிலில் நின்று, தடத்துக்குள் எதுவும் புகாதபடி காக்கும் இப்பதவிக்குப் பந்தய நூல்களில் மார்ஷல் என்று பெயர்.