வாப்பாட லான்ட்மாஸ்டரை எழுப்புவது எப்படி?

முதலில் ஓர் உண்மையை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் வாப்பா ஓட்டிய லான்ட்மாஸ்டர் உழவு மெசின் மாட்டுப்பட்டிக்குப் பின்னால் முழுசாகக் கிடக்கவில்லை. அங்கே துருப்பிடித்துக் கிடப்பது கியர்பெட்டியும் இரண்டு கைப்பிடிகளும்தான். எஞ்சின் உல்லையில் யாருடைய வளவிலோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறது. சில்லு இரண்டும் தோணி இழுக்கிற வண்டிக்குப் போய்விட்டன. இழுவைப் பெட்டியின் அடிச்சட்டம் மூத்த ராத்தா வீட்டுக் கேற்றாகி வருடக்கணக்காகிறது. பொத்துவிலில் பழைய மெசின் எதுவும் செத்துப்போவதில்லை; சொந்தக்காரர் வீடுகளுக்குப் பிரிந்து போய்விடும், அவ்வளவுதான். ஆகவே ஸ்பானரைக் கையில் எடுக்குமுன் குடும்பத்தில் யார் யாரோடு கோபம் என்று ஒரு கணக்கெடுங்கள். கோபக்காரர் வீட்டில்தான் முக்கியமான சாமான் இருக்கும்.

ராத்தா வீட்டுக்குப் போனதும் கேற்றைப் பார்க்காதீர்கள். பார்த்தாலும் கேற்றாகப் பாருங்கள், அடிச்சட்டமாகப் பார்க்காதீர்கள். தேத்தண்ணி குடித்து, இந்தப் பெரும்போகம் வட்டையில் யாருக்கு எத்தனை மூட்டை என்று விசாரித்து, மச்சானுடைய சீனி வருத்தத்துக்கு இரண்டு கைமருந்தும் சொல்லி முடித்த பிறகே விஷயத்துக்கு வர வேண்டும்.

“கேற்றக் கழட்டினா ஆடு வருமே மனே.”

இந்தக் கேள்விக்குப் பதில் ஒன்றுதான்: புதுக் கேற். மெசின் திருத்தும் செலவுக் கணக்கில் முதல் வரியாக அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரரின் மனதை இளக்க வரலாறு உதவும். இந்த மெசினை வடிவமைத்தவர் நம் நாட்டுக்காரர், பொறியியலாளர் ரே விஜேவர்தன. 1955 வாக்கில் அவர் கொடுத்த வடிவத்தை இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் பக்கத்துக் கம்பனி ஒன்று செய்து விற்றது. வெப்பநாட்டு வயலுக்கென்று நினைத்துச் செய்த கை உழவு மெசின் அது. மனிதரும் லேசுப்பட்டவரில்லை. விமானம் கட்டிப் பறந்தார், 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டினார், பிற்காலத்தில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். இதையெல்லாம் தேத்தண்ணிக் கடையில் உரக்கச் சொல்லுங்கள். “அப்படியா!” என்று நாலு பேர் திரும்பினால், அதில் ஒருவர் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு மேலே உங்கள் மெசினின் பொனற் இருக்கும்.

கதையின் மறுபாதியை மட்டும் சொல்லிவிடாதீர்கள். விளைச்சல் கூடினதா, செலவு குறைந்ததா என்று பின்னாளில் கணக்குப் பார்த்த விஜேவர்தன, நான் விவசாயத்தை இயந்திரமாக்கவில்லை, எருமையைத்தான் இயந்திரமாக்கியிருக்கிறேன் என்ற முடிவுக்கு வந்தவர். பிறகு நைஜீரியாவின் இபாடான் ஆராய்ச்சி நிலையத்தில் உழாமலே பயிர் செய்யும் வழி தேடினார். இது மச்சானின் காதில் விழுந்தால் தொலைந்தீர்கள். எருமை தயிர் தரும், எரு தரும், தன் உதிரிப்பாகத்தைத் தானே ஈன்றும் கொள்ளும். லான்ட்மாஸ்டரிடம் இந்த மூன்றும் கிடையாது. வாதத்தில் நீங்கள் தோற்பீர்கள், கேற்றும் கிடைக்காது.

சாமான் சேர்ந்ததும் எது எந்த மெசினுடையது என்று பாருங்கள். நம் பக்கத்தில் இரண்டு சில்லில் உழுகிற எல்லாமே லான்ட்மாஸ்டர்தான். ஜப்பான்காரன் குபோட்டாவும் அதுதான், சீனத்து மெசினும் அதுதான். எஞ்சினில் எஸ்195 என்று பொறித்திருந்தால் உங்களுக்கு நல்ல காலம். ஒரு சிலிண்டர், 95 மில்லிமீற்றர் குறுக்களவு என்பதைத்தான் அந்த இலக்கம் சொல்கிறது. சீனாவில் பல தொழிற்சாலைகள் ஒரே அளவில் செய்து தள்ளிய எஞ்சின் அது. ஒன்றின் பிஸ்டன் மற்றதற்குப் போகும், கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ கேட்டுப் பார்க்கலாம்.

அசல் இங்கிலாந்து மெசின் என்றால்தான் தவம் தொடங்கும். அதன் நட்டுகள் பலவும் விட்வேர்த் அளவு. 1841இல் ஜோசப் விட்வேர்த் என்ற வெள்ளைக்காரர் வகுத்த கணக்கு: புரியின் கோணம் 55 பாகை. இன்று கடையில் கிடைக்கும் மெற்றிக் நட்டுக்கு 60 பாகை. புது நட்டைப் போட்டால் ஒன்றரைச் சுற்று மரியாதையாக ஏறும், பிறகு இறுகி நின்றுவிடும். அந்த இடத்தில் உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது “இன்னும் கொஞ்சம் இறுக்கு” என்பார். அவரை லுஹர் தொழுகைக்கு அனுப்பிவிட்டு நட்டைக் கழற்றுங்கள்.

பெயரிங் வாங்கும்போது மெசினின் பேரைச் சொல்லாதீர்கள். “லான்ட்மாஸ்டர் பெயரிங் இரிக்கா காக்கா?” என்றால், “அதெல்லாம் எப்பயோ முடிஞ்சி மனே” என்பதுதான் பதில். பெயரிங்கின் ஓரத்தை மண்ணெண்ணெயில் கழுவி, வெயிலில் சரித்துப் பிடித்து இலக்கத்தை வாசியுங்கள். 6205 என்றிருந்தால் உள்ளே 25, வெளியே 52, தடிப்பு 15 மில்லிமீற்றர். உலகம் முழுக்க அதே அளவு. அந்த நாலு இலக்கத்தைச் சொன்னால் அதே காக்கா, அதே கதிரையிலிருந்து எழும்பாமலே பின் தட்டிலிருந்து எடுத்துத் தருவார். இலக்கம் அங்குலக் கணக்கில் இருந்தால் லேத் பட்டறைப் பாஸிடம்தான் போக வேண்டும். அவர் புஷ் கடைந்து தருவார். “நாளைக்கி வா” என்பார். எந்த நாளைக்கு என்று கேட்பது மரியாதையில்லை.

எங்கும் கிடைக்காதது கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் என்பது ஊரின் நம்பிக்கை. ஏ4 வீதியில் மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி தாண்டி 300 கிலோமீற்றருக்கு மேல். பழைய சாமானைக் கையோடு கொண்டுபோங்கள். போனில் படம் காட்டினால் படத்தைப் போலவே ஒன்றைத் தருவார்கள். பொத்துவிலுக்கு வந்த பிறகுதான் அது படத்துக்கு மட்டும் பொருந்துவது தெரியும்.

பிஸ்டன் இறுகியிருந்தால் சுத்தியலை ஒளித்துவையுங்கள். மண்ணெண்ணெயும் எஞ்சின் ஒயிலும் கலந்து மேலிருந்து ஊற்றி ஒரு கிழமை விடுங்கள். அதன்பிறகு மரக்கட்டை வைத்து மெதுவாகத் தட்டலாம். கடற்காற்று போதாதென்று 2004 சுனாமித் தண்ணீரும் குடித்த மெசின் என்றால், அலுமினியப் பாகங்களில் வெள்ளையாக மாப் பூத்திருக்கும். விரல் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் வெல்டிங் பிடிக்காது, வேறு வீட்டு வேறு மெசின் தேடுங்கள்.

பெற்றோலில் கிளம்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறும் எஞ்சின் உங்களுடையது என்றால் சிக்கனத்தைப் பற்றி யாரிடமும் பெருமை பேசாதீர்கள். 2022 ஆகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே இரவில் 340 ஆன எண்ணெய் அது. மீன்பிடிக்கிற பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

வேலை செய்ய நல்ல காலம் வைகாசி தொடங்கி புரட்டாதி வரை. அறுகம்பையில் அலைச்சறுக்கு வெள்ளைக்காரர் நிறைந்திருப்பார்கள், மானாவாரிக் காணிக்காரருக்கு மழை வரும் மட்டும் மெசின் தேவைப்படாது. ஒரு வெள்ளைக்காரர் வந்து படமெடுத்து விலை கேட்கவும் கூடும். விலையைச் சொல்லாதீர்கள், சொன்னால் அன்று அந்திக்கே ராத்தா தன் பங்கைக் கேட்டு வருவா.

கடைசியாக, மெசின் கிளம்பிவிட்டால் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். மச்சான் மணல் ஏற்ற வருவார், பள்ளிவாசல் நிர்வாகம் கல் ஏற்றக் கேட்கும், கேற் கொடுத்தவர், பொனற் கொடுத்தவர் எல்லோருக்கும் உரிமை உண்டு. மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஓட்டிப் பார்த்து முடிந்ததும் கிளச் கேபிளைக் கழற்றி அலுமாரியில் உம்மாவின் சாரிகளுக்கு அடியில் வையுங்கள். கேட்பவர்களிடம் கேபிள் அறுந்துபோச்சு, பஞ்சிகாவத்தையிலிருந்து வர வேண்டும் என்று சொல்லுங்கள். எப்போது வரும் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள்.