ஊட்டி மேசையில் ஒரு வணிகப் பாடம்

கேள்வி: நிதி, விளையாட்டு, புத்தாக்கம் மூன்றையும் ஒருங்கே கற்க விரும்பும் வணிகவியல் மாணவருக்கு நீலகிரியில் பாடசாலை உண்டா?

பதில்: உண்டு; பச்சைத் துணி விரித்த ஸ்னூக்கர் மேசையே அது. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லைன் என்ற படை அதிகாரி, பழைய மேசைப் பந்தாட்டங்களை இணைத்து உருவாக்கிய இவ்விளையாட்டுக்கு 1882இல் ஊட்டி கிளப்பில் விதிகள் வகுக்கப்பட்டன என்பதால், புத்தாக்கம், அதாவது இருப்பவற்றைச் சேர்த்துப் புதுப்பயன் காண்பது, எழுதிய விதியாலேயே நிலைபெறும் என்பது விளங்கும். இதில் ஒரு புள்ளி தரும் சிவப்புப் பந்தைக் குழியில் வீழ்த்தியவரே ஏழு புள்ளிக் கறுப்பைக் குறிவைக்க முடியும். 15 சிவப்புகளையும் ஒவ்வொன்றின்பின் கறுப்பையும் இறுதியில் ஆறு வண்ணங்களையும் வீழ்த்தினால் 147 சேரும் என்பதால், சிறுசேமிப்பே பெருமுதலின் வாயில் என்னும் நிதிப்பாடமும் அம்மேசையிலேயே கிடைக்கிறது. சிவப்பை இகழ்ந்தவருக்குக் கறுப்பு கிட்டாது.