பாத்துட்டு இருக்கற வேலை

கண்ணு, செல்போனுல காசு போட்டா தெனமும் காசு காய்க்குதாமா? வா, இந்தக் கயித்துக் கட்டல்ல உக்காரு. உன்னைத் தடுக்கோணும்னு கூப்படல. எங்கப்பன் தடுத்து நான் கேட்டேனா, நான் தடுத்து நீ கேக்கறதுக்கு?

2012-க்கு முந்தி நம்ம பெருந்துறைப் பக்கம் மாடு நிக்கற கட்டுத்தரையில எல்லாம் ஆளு ஒசரத்துக்கு ஈமுப் பறவை நின்னுது. ஒன்றரை லட்சம் கட்டினா ஆறு குஞ்சு. கொட்டாய் கம்பெனிக்காரங்க போடுவாங்க, தீவனம் அவுங்க குடுப்பாங்க, மாசம் ஆறாயிரமும் அவுங்களே குடுப்பாங்க. நாம பாத்துட்டு இருந்தாப் போதும். பாத்துட்டு இருக்கறது நமக்குப் பரம்பரைத் தொழிலாச்சே!

கணக்குப் போடு. நூத்துக்கு நாலு வட்டி வருது. அதே நாலு வட்டிய ஒருத்தன் நம்மகிட்டக் கேட்டா, கந்துவட்டிக்காரன்னு மண்ணை வாரித் தூத்துவோம். தர்றேன்னு வந்தா சேர் போட்டு எளநி வெட்டுவோம். 2003-ல கந்துவட்டி வாங்கறவனுக்குச் சட்டம் போட்டாங்க. எளநி வெட்டறவனுக்கு எந்தச் சட்டம்?

பறவை மேல குத்தம் சொல்ல மாட்டேன். பொட்டை கரும்பச்சையா முட்டையை வெச்சுட்டுப் போயிரும். சேவல்தான் எட்டு வாரம் இரையெடுக்காம அடை காக்கும். ஆஸ்திரேலியாவுல 1932-ல, பயிரை அழிக்குதுன்னு பட்டாளத்தை மெசின் துப்பாக்கியோட அனுப்பிப் பாத்தும் அதை ஒழிக்க முடியல. பட்டாளமே தோத்த எடத்துல நாங்க எம்மாத்தரம்?

கறியை ஆரு திங்கறா, முட்டையை ஆரு வாங்கறான்னு ஒருத்தனும் கேக்கல. எனக்கு மட்டும் ஒரு ரோசனை. இந்த ஆறாயிரம் பறவை வித்த காசில்ல, நமக்குப் பின்னால சேந்தவன் கட்டின காசுன்னு. பொய் சொல்லக் கூடாது கண்ணு, அப்பவே வெளங்கிப்போச்சு. வெளங்கினதும் என்ன பண்ணினேன்? பின்னால ஆளு வந்தாத்தானே நமக்கு வரும்னு மச்சானை, சகலையை எல்லாம் சேத்து உட்டேன். இன்னைக்கு எல்லாரும் என்னை ஏமாந்த மனுசன்னு பாவப்படறாங்க. நானும் மறுக்கறதில்ல.

2012-ல கம்பெனிக் கதவைப் பூட்டிட்டாங்க. பட்டினி கெடந்த பறவைகளுக்கு அரசாங்கம் தீவனம் போடற மாதிரி ஆயிப்போச்சு. அதுக்கப்பறம் ஊருக்குள்ள ஒருத்தனும் காசு போட்டதா ஒத்துக்கல. புகார் குடுக்கப் போனா, டீக்கடையில எனக்குப் புத்தி சொன்னவன் வரிசையில எனக்கு முன்னால நிக்கறான்.

"ஒறம்பரை ஒருத்தருக்காகத் தொணைக்கு வந்தனுங்க"ன்னான்.

"நானும் அப்பிடித்தானுங்க"ன்னேன்.

உங்கம்மாயிகிட்ட ஒன்றரைன்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். மூணு லட்சம்னு அவளுக்குத் தெரியாது. அது கெடக்குது உடு. உன்ற செல்போனுல நூத்துக்கு எத்தனை வட்டின்னு சொன்னே? மெதுவாச் சொல்லு சாமி, அவ திண்ணையிலதான் உக்காந்திருக்கறா.