வலதுசாரி நாடு எது?

கேள்வி: மேற்கத்திய நாடுகளிலேயே அதிக வலதுசாரி நாடு அமெரிக்காதானே?

பதில்: எதை வைத்து அளக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். மருத்துவம் என்றால் அமெரிக்காதான், மறுபேச்சே இல்லை. ஐரோப்பாவிலோ மருத்துவத்தில் அரசின் பங்கை வலதுசாரிகளே ஏற்றுக்கொண்டார்கள். பிரிட்டனில் 1948-ல் வந்த இலவச மருத்துவச் சேவையை இழுத்து மூட, வலதுசாரிப் பிரதமரான ‘இரும்புப் பெண்மணி’ தாட்சரே துணியவில்லை. ஜெர்மனியில் 1883-லேயே தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு தந்த சான்சலர் பிஸ்மார்க், பழுத்த பழமைவாதி!

குடியேற்றம் என்றால் கதை மாறும். சமூக நலத்துக்குப் பேர்போன டென்மார்க், அகதிகளிடம் 10,000 குரோனருக்கு மேல் இருக்கும் பணத்தையும் நகையையும் பறிமுதல் செய்ய 2016-ல் சட்டம் போட்டது. மோதிரம் போன்ற நினைவுப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு. அந்தச் சட்டத்துக்கு இடதுசாரிகளான சமூக ஜனநாயகக் கட்சியினரும் கை தூக்கினார்கள். உயிர் தப்பி ஓடிவந்தவர் மடியில் கை வைப்பதை எந்தக் கட்சி ஆதரித்தாலும் என் மனம் ஏற்காது.

கட்சியை வைத்தும் கணிக்க முடியாது. பிரிட்டனில் ஒருபாலினத் திருமணச் சட்டம் 2013-ல் நிறைவேறியபோது பிரதமர், கன்சர்வேட்டிவ் கட்சியின் கேமரன். பிரான்ஸில் 2023-ல் ஓய்வு வயதை 64 ஆக்கியபோது, தீவிர வலதுசாரியான மரீன் லு பென்னும் தொழிற்சங்கங்களைப் போலவே எதிர்த்தார்.

அதனால் நாட்டின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். எந்த விஷயத்தில் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.