படுக்கை உரிமை கோரும் பணிவான மனு

அனுப்புநர்:
இரண்டு நாய்களின் உரிமையாளர் (ஆவணப்படி மட்டும்),
சென்னை.

பெறுநர்:
தொழிலாளர் ஆணையர் அவர்கள்,
தொழிலாளர் துறை, சென்னை.

பொருள்: இரவுப்பணி – ஸ்பிட்ஸ் ஒன்று, ஷிட்சூ ஒன்று ஆகிய இரு முதலாளிகள் – எட்டு மணி நேர வேலை, வார விடுப்பு, படுக்கை வசதி கோருதல் – தொடர்பாக.

ஐயா,

மாநகராட்சிப் பதிவேட்டின்படி நான் இரண்டு நாய்களுக்கு உரிமையாளன். கட்டணம் கட்டி உரிமம் வாங்கி, ஊசிச் சான்றிதழோடு ஃபைலில் வைத்திருக்கிறேன். ஆனால் தங்கள் துறை பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று மட்டும் பார்க்காது, யார் ஏவி யார் வேலை செய்கிறார் என்பதைப் பார்த்துத்தான் ஒருவரைத் தொழிலாளி என்று முடிவு செய்யும் எனக் கேள்வி. அந்த அளவுகோலை எங்கள் வீட்டுப் படுக்கையறையில், ராத்திரி மூன்று மணிக்கு, ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதலாளிகளில் மூத்தவர் ஜிம்மி. பொமரேனியன் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நம் ஊரில் அந்தப் பெயரில் கைமாறும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ் என்கிறார்கள் விவரம் தெரிந்தவர்கள். 1994-இல் வந்த ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ இந்திப் படத்தில் கிரிக்கெட்டுக்கு அம்பயராக நின்ற டஃபியின் ஜாதி. எங்கள் வீட்டிலும் இவர் அம்பயர்தான், அப்பீல் கிடையாது. இளையவர் லட்டு. ஷிட்சூ, ஆறு கிலோ சொச்சம். இவருடைய மூதாதையர் சீன அரண்மனையில் செல்லமாக வளர்ந்தவர்கள். அரண்மனை போய்விட்டது, அந்த நினைப்பு போகவில்லை.

விளக்கை அணைத்ததும் என் ஷிப்ட் தொடங்குகிறது. லட்டுவுக்குச் சப்பை மூக்கு. அப்படிப்பட்ட நாய்களால் மூச்சிரைத்து உடம்புச் சூட்டைச் சரியாகத் தணித்துக்கொள்ள முடியாது என்பதால் ஏசி 22-இல் ஓடியாக வேண்டும். அவர் கட்டிலின் குறுக்கே கிடக்க, நான் விளிம்பில் ஒருக்களித்துப் போர்வைக்குள் நடுங்குவேன். புரண்டால் உறுமல். சற்றுக் கண்ணயர்ந்தால் ஜிம்மிக்கு ஏதாவது கேட்கும். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரைதான். நாய்க்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆகவே எனக்குக் கேட்கவே கேட்காத ஒன்றுக்காக நான் எழுந்து போய், வாசற்கதவைத் திறந்து, யாரும் இல்லை என்று அவருக்கு நிரூபிக்க வேண்டும். அவர் எட்டிப் பார்த்துத் திருப்தியடைந்து, எனக்கு முன்னால் ஓடிவந்து என் தலையணையில் படுத்துக்கொள்வார்.

லட்டுவின் மூன்று மணி வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். முதலில் என் நெஞ்சின்மேல் ஏறி நிற்பார். முகத்துக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அவருடைய முகம். சிக்கன் பிஸ்கட் வாடை. நான் தூங்குவதாக நடிப்பேன். அவர் குனிந்து என் இமையை நக்குவார். நடிப்பைத் தொடர்ந்தால் ‘ம்ம்ம்’ என்று பாதி அழுகையும் பாதி மிரட்டலுமாக ஒரு குரல். தாகமாம். சமையலறையில் கிண்ணம் நிறையத் தண்ணீர் இருக்கிறது. தனியாகப் போய்க் குடிக்க மாட்டார். நான் பக்கத்தில் நிற்க வேண்டும். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் குடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறார். இடையில் மேஸ்திரி வேறு. “ஏங்க, லட்டு கூப்பிடுது பாருங்க” என்று சொல்லிவிட்டு என் மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

இந்த இடத்தில்தான் தங்கள் நினைவுக்கு ஒன்றைக் கொண்டுவர விரும்புகிறேன். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்தவர்களுக்காக 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது நம் அரசு. உட்காரும் உரிமை வந்தாகிவிட்டது. சமையலறையில் தண்ணீர்க் கிண்ணத்துக்குக் காவல் நிற்பவனுக்கும் அது பொருந்துமா? பொருந்துமெனில், அடுத்த திருத்தமாகக் கால் நீட்டிப் படுக்கும் உரிமையைப் பரிசீலிக்கலாமே.

கடைகள் 24 மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019-இல் அரசாணை வந்தபோதுகூட, பணியாளர்களுக்குச் சுழற்சி முறையில் வார விடுப்பு உண்டு என்று சேர்த்தே எழுதினீர்கள். பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிவிட்ட 2023-ஆம் ஆண்டு மசோதா, ஏப்ரலில் நிறைவேறி மே தினத்தில் திரும்பப் பெறப்பட்டது. எங்கள் வீட்டு நிர்வாகத்துக்கு இந்தச் செய்திகள் எட்டியதாகத் தெரியவில்லை. உறக்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றமே 2012-இல் ராம்லீலா மைதான வழக்கில் சொல்லியிருக்கிறது. அங்கே நள்ளிரவில் தூங்கியவர்களை எழுப்பியது போலீஸ் என்பதால் வழக்காவது நடந்தது.

எதிர்த்தரப்பின் சட்டபலமோ அபாரம். குடியிருப்புப் பகுதியில் இரவில் 45 டெசிபெல்தான் என்கிறது ஒலி மாசு விதி. ஜிம்மி அதை ஒரே மூச்சில் தாண்டுவார். ஆனாலும், குரைக்கிறது என்ற காரணத்தைச் சொல்லி அடுக்ககத்தில் நாய் வளர்ப்பதைத் தடை செய்யக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் வழிகாட்டியிருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் 1962-இல் தொடங்கிய அந்த வாரியம் பல்லாண்டுகள் திருவான்மியூரில்தான் இருந்தது. 2018-இல் அரியானாவுக்குப் போய்விட்டது. பக்கத்தில் இருந்திருந்தால், மனிதர்களும் விலங்கினத்தில் அடக்கம்தானே என்று நேரில் போய்க் கேட்டிருப்பேன்.

அறிவியல் ஆதாரமும் கைவசம் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக், நாயோடு உறங்கும் 40 பேரை ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டது. ஆளுக்கும் நாய்க்கும் கருவி மாட்டிக் கணக்கெடுத்தார்கள். படுத்திருந்த நேரத்தில் மனிதர்கள் உறங்கியது சராசரியாக 81 விழுக்காடு, நாய்கள் 85. நாய் அறையில் இருந்தால் பெரிய நஷ்டமில்லை, கட்டிலில் ஏறினால் தூக்கம் குறைகிறது என்பதும் அதில் உண்டு. அந்த வரியை வீட்டில் உரக்க வாசித்தேன். லட்டு கட்டிலில் இருந்தபடியே கேட்டார்.

“குரைத்தவுடன் எழுந்து பிஸ்கட் கொடுத்தால், குரைத்தால் பிஸ்கட் என்று அதற்குப் பதிந்துவிடும். பல நாள் பொறுத்து ஒருநாள் கொடுத்தால் இன்னும் மோசம், விடவே விடாது” என்கிறார் கால்நடை மருத்துவர். அதாவது பழக்கிக் கெடுத்தது நானாம். முற்றிலும் முதலாளி தரப்பு வாதம். நான் கொடுத்தது பிஸ்கட் அல்ல, தொழில் அமைதிக்கான இடைக்கால நிவாரணம்.

என் அம்மா ராஜபாளையத்துக்காரி. 2005-இல் தபால்தலையில் இடம்பிடித்த நாய் இனம் அவள் ஊர்ப் பேரைத் தாங்கியது. வந்த முதல் ராத்திரியே எங்கள் ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, “நாய் வாசல்ல கெடந்து நம்மளக் காக்கும். நீ கெடந்து அதக் காக்குறியேடா” என்றாள். மறுநாள் ராத்திரி லட்டு அவள் கோரைப்பாயில் படுத்திருந்தார். அம்மா எதுவும் சொல்லவில்லை.

இதில் பலனடைந்த ஒரே தொழிலாளி எங்கள் அடுக்ககத்து வாட்ச்மேன். “சார், நீங்கதான் முழிச்சிருக்கீங்களே, நான் செத்த கண்ணசந்துக்கட்டுமா?” என்று ஒருநாள் பால்கனியை அண்ணாந்து பார்த்துக் கேட்டார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பிளாஸ்டிக் நாற்காலி, வார விடுப்பு கிடையாது. தங்கள் துறை உண்மையில் கவனிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அதைக் கிளறினால் மெயின்டனன்ஸ் ஏறும் என்பதால் இம்மனுவில் சேர்க்கவில்லை.

எனவே, இரவில் தொடர்ந்து ஆறு மணி நேர உறக்கம், கட்டிலில் மூன்றில் ஒரு பங்கு, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் காவலிலிருந்து விலக்கு ஆகியவற்றுக்கு ஆவன செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன். விசாரணைக்கு ஆய்வாளரை அனுப்புவதாக இருந்தால் காலை பதினொன்று முதல் மாலை ஐந்து வரை தவிர்க்கவும். அது நிர்வாகம் உறங்கும் நேரம். அப்போது காலிங் பெல் அடித்துவிட்டு அவர் பாட்டுக்கு ஆபீஸுக்குத் திரும்பிவிடுவார். அதற்கான ஓவர்டைமை அன்றிரவு நான்தான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையெழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும், மடியில் நிர்வாகம்.)