நாலு கார்டுத் தம்பி

வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு எதுவானாலும் சரி, அங்கே இவர் ஒருவர் இருப்பார். ஐ.டி. வேலை, முப்பதை நெருங்கும் வயது, பெற்றோரோடு வாசம். அடையாளம் காணக் கிட்டாரைத் தேட வேண்டாம், கையைப் பார்த்தால் போதும். இடது கை நகங்கள் ஒட்ட வெட்டியிருக்கும். வலது கை நகங்கள் செழித்திருக்கும். லிஃப்டில் ஏறியதும் இடது கை விரல் நுனிகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே, "தோல் காய்ச்சுப் போச்சு பாருங்க சார்" என்று நம்மிடம் நீட்டுவார். நாம் தொட்டுப் பார்த்து, "அடேயப்பா!" என்று சொல்லியாக வேண்டும். எஃகுக் கம்பி விரலில் பதித்த கோடுதான் இதுவரை அவர் பெற்றிருக்கும் ஒரே பட்டயம்.

கிட்டார்த் தம்பிக்கு இந்த ஆசை வந்ததற்கு இளையராஜாதான் காரணம். 'பயணங்கள் முடிவதில்லை' வெளிவந்த 1982-இல் தம்பி பிறக்கவே இல்லை. ஆனாலும் அந்தப் படத்தின் நிலாப் பாட்டுக்கு ஆர். சந்திரசேகர் வாசித்த கிட்டாரை ஒரு மழை நாளில் ஹெட்போனில் கேட்டிருக்கிறார். மறுநாளே அண்ணா சாலைக்குப் போனார். 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் கடையை வெளியே நின்று ஒரு சுற்றுப் பார்த்தார், உள்ளே போய் ஒரு சுற்றுப் பார்த்தார். திரும்பும்போது கிட்டார், அதற்கு உறை, தோள்பட்டி, நிறுத்தி வைக்க ஸ்டாண்ட், கழுத்தில் மாட்டக் கேப்போ, விதவிதமான கனத்தில் பிக்குகள் எல்லாம் ஆட்டோவில் கூடவே வந்தன. வாசிக்கத் தெரியவில்லை என்பதைத் தவிர, ஒரு கிட்டாரிஸ்டுக்கு வேண்டிய சகலமும் அன்றைக்கே சேர்ந்துவிட்டது.

முதல் வாரம் சுருதி கூட்டுவதிலேயே போனது. தடித்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று ஆறையும் நிறுத்த வேண்டும். போனில் ட்யூனர் செயலி இருக்கிறது. ஒரு கம்பியை மீட்டுவார், முள் நகராது. கீயைத் திருகுவார், முள் அப்போதும் நகராது. இன்னும் திருகுவார். 'டங்' என்று முதல் கம்பி அறுந்து முகத்தருகே துள்ளிய பிறகுதான், மீட்டியது ஒரு கம்பி, முறுக்கியது வேறொரு கம்பியின் கீ என்பது தெரியும். கிட்டார் கற்கும் ஒவ்வொருவரும் கட்டும் நுழைவுக் கட்டணம் இது. தம்பி இரண்டு முறை கட்டினார்.

பிறகு கார்டுகள். ஈ மைனரில் ஆரம்பம். இரண்டாவது ஃப்ரெட்டில் இரண்டே விரல் வைத்தால் ஆறு கம்பியும் கணீரென்று பேசும். "இவ்வளவுதானா கிட்டார்?" என்று தம்பிக்கே ஏமாற்றம். அடுத்து ஜி, சி, டி. சி-யில் ஆறாவது கம்பியைத் தொடக்கூடாது. டி-யில் கீழ் நான்கு கம்பிதான். இந்த நாலு கார்டு வந்துவிட்டால் பாதி சினிமாப் பாட்டை ஒப்பேற்றிவிடலாம் என்று எந்த மாஸ்டரும் சொல்வார். பொய்யும் அல்ல. தனித்தனியாகப் பார்த்தால் தம்பி நாலையும் அழகாகவே பிடிக்கிறார். சிக்கல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஜி-யிலிருந்து சி-க்கு விரல்கள் கிளம்பினால், பஸ்ஸில் ஏறிய கல்யாண கோஷ்டி சீட் பிடிப்பதுபோல ஒன்று உட்காரும், ஒன்று நிற்கும், ஒன்று அடுத்தவர் இடத்தில் போய் உட்கார்ந்து எழுந்து வரும். எல்லோரும் அமர்ந்துவிட்டார்களா என்று தம்பி குனிந்து சரிபார்ப்பார். அதுவரை பாட்டு ஓரமாகக் காத்திருக்கும்.

இப்படிக் காத்திருக்க வீடே பழகிவிட்டது. அக்கா மகளின் பிறந்தநாளுக்கு, "நானே வாசிக்கிறேன்" என்றார். வாழ்த்துப் பாட்டுக்கு ஜி, சி, டி மூன்றே கார்டு. ஆனால் முதல் வரி முடிகிற இடத்திலேயே ஜி-யை விட்டு டி-க்குப் போயாக வேண்டும். சொந்தபந்தம் எல்லாம் கடைசிச் சொல்லுக்கு முன்னால் வாயைத் திறந்தபடி நின்றது. மாமா ஒருவர் இடையில் மூச்சு வாங்கிக்கொண்டார். டி வந்து சேர்ந்தபோது குழந்தை மெழுகுவத்தியை ஊதி, கேக்கில் இருந்த செர்ரியையும் எடுத்துத் தின்றுவிட்டிருந்தது.

அம்மாவுக்குச் சின்ன வயதில் ஏழெட்டு வருஷம் பாட்டு வகுப்பு. மகன் அறைக்குள் கீழ், கீழ், மேல், மேல், கீழ், மேல் என்று ஸ்ட்ரம்மிங் போடுவதை வாரக்கணக்கில் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் காபியோடு உள்ளே வந்தார்.

"என்ன ராகம்டா இது?"

"ராகம் இல்லம்மா. கார்டு. மூணு ஸ்வரத்தை ஒண்ணா வாசிக்கணும்."

"எந்த மூணு?"

தம்பி செயலியைப் பார்த்துச் சொன்னார்: "சி மேஜர்னா சி, ஈ, ஜி."

"ச, க, பவா? ஒவ்வொண்ணா வாசிச்சா யாராவது அடிக்கப் போறாங்களா? பிரசன்னா இதே கிட்டார்ல முழுக் கச்சேரியே பண்றாரே!"

தம்பி மேலைநாட்டு ஹார்மனியைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். காணொளிகளில் கேட்ட சொற்கள் அத்தனையும் அதில் இருந்தன. உதாரணத்துக்கு ஈ மேஜரைப் பிடித்து மீட்டினார். பிறகு ஆள்காட்டி விரலை மட்டும் தூக்கிவிட்டு ஈ மைனரை மீட்டினார். "ஒரே விரல்தான்மா. ஆனா மூடே மாறிடுச்சு பாரு. முன்னது சந்தோஷம், பின்னது சோகம்!"

அம்மா டம்ளரை மேஜையில் வைத்தார். "அந்தர காந்தாரத்தைச் சாதாரண காந்தாரம் ஆக்கியிருக்கே. அதுக்கு எதுக்குடா இவ்வளவு பேச்சு?"

பணம் கட்டிச் சேர்ந்த ஆன்லைன் வகுப்பில் விளங்காத சங்கதி அரை நிமிஷத்தில் விளங்கியது. தம்பி அதை யாரிடமும் சொல்லவில்லை.

நாலு கார்டோடு நின்றிருந்தால் தம்பியின் வாழ்க்கை நிம்மதியாகப் போயிருக்கும். ஐந்தாவதாக எஃப் வந்தது. முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலைப் படுக்கப் போட்டு ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்த வேண்டும். மற்ற மூன்று விரலும் ஆளுக்கொரு கம்பியைப் பிடித்திருக்க வேண்டும். அந்த இடத்தில், கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் நட் பக்கத்திலேயே இருப்பதால் கம்பி விறைப்பாக நிற்கும். அதே பிடியை ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு நகர்த்தினால் பாதிச் சிரமம்கூட இருக்காது. விரலை லேசாகச் சாய்த்து, சதைப்பற்று இல்லாத ஓரத்தால் அழுத்த வேண்டும், முழங்கை உடம்போடு ஒட்டி வர வேண்டும் என்று மாஸ்டர் சொல்லிக்கொடுத்தார். தம்பி அழுத்தினார். முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கிட்டாரிலிருந்து 'டப்' என்று கதவில் தட்டும் ஓசை வந்தது.

அன்றிலிருந்து தம்பி ஆராய்ச்சியாளர் ஆனார். முதல் வாரம், தம் ஆள்காட்டி விரல் எலும்பு பிறவியிலேயே வளைந்தது என்று கண்டுபிடித்தார். இரண்டாவது வாரம், கிட்டாரில் ஆக்‌ஷன் உயரம், அதாவது கம்பிக்கும் கட்டைக்கும் இடைவெளி அதிகம் என்றார். இதில் கொஞ்சம் உண்மை உண்டு, கடையில் கொடுத்து இறக்கியும் வந்தார். மூன்றாவது வாரம், ஐப்பசி ஈரத்தில் மரம் உப்பியிருக்கிறது என்றார். கடைசியில் கேப்போ இருப்பது நினைவுக்கு வந்தது. அதை எங்கே மாட்டினால் எஃப் வராமல் பாட்டு முடியும் என்று கணக்குப் போட்டார். கணக்கு சரி, சுருதிதான் பாடுகிறவர் தொண்டைக்கு எட்டவில்லை. அலுவலக ஆண்டு விழாவில் பாட வந்த சக ஊழியர் மூன்றாவது வரியில் மைக்கை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

ஆனாலும் தம்பியைச் சாதாரணமாக எடைபோட முடியாது. சிக்னலில் நின்றால் இடது கை கிளட்சின் மேலேயே சி பிடிக்கும். மீட்டிங்கில் மேஜைக்கடியில் தொடைமேல் ஸ்ட்ரம்மிங் ஓடும். ஒரு சனிக்கிழமை போனில் யாரிடமோ வீட்டுக் கடன் வட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே ஜி, டி, ஈ மைனர், சி என்று கை தானாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கும் நிற்கவில்லை, குனிந்து பார்க்கவும் இல்லை. எதிர்முனையில் இருந்தவர், "டிவி ஓடுதா சார்?" என்று கேட்டார். தம்பிக்கு இதுவரை கிடைத்த விமர்சனங்களில் இதைவிட உயர்ந்தது இல்லை.

நாலு கார்டு தெரிந்தவர், ஒன்றும் தெரியாதவருக்கு மாஸ்டர். மேல்மாடியில் எட்டாம் வகுப்புப் பையனுக்குக் கிட்டார் வாங்கிக் கொடுத்ததும் தம்பி வலியப் போய்ப் பொறுப்பேற்றார். இடது கை நகத்தை வெட்டச் சொன்னார், விரல் நுனியைத் தொட்டுப் பார்த்து, "காய்க்கணும், இன்னும் காய்க்கணும்" என்றார். பையன் பத்தே நாளில் நாலு கார்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டிவிட்டுக் கேட்டான்:

"அண்ணா, எஃப் எப்படிப் பிடிக்கணும்?"

தம்பி முகத்தில் குருநாதரின் கனிவு படர்ந்தது. "அதுக்கெல்லாம் அவசரப்படக் கூடாது. கை பழகணும். அடுத்த மாசம் சொல்லித் தரேன்."

சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தார்: "அதுக்குள்ள உனக்கு வந்துடுமாடா?"